காரைக்குடி பக்கம் நடைக்குழு ஆரம்பிக்கணும்னா இதெல்லாம் பாத்துக்கங்க

நடைக்குழு ஆரம்பிக்கலாம்னு பேச்சு வந்ததும் எல்லாரும் முதல்ல கேக்குறது எத்தனை கிலோமீட்டர், எந்த ரூட்டுன்னுதான். அதெல்லாம் அப்புறம். முதல்ல யார் யார் வர்றாங்கன்னு பாருங்க, அதுலயும் யாரு ரொம்ப மெதுவா நடப்பாங்கன்னு பாருங்க. அவங்க வேகம்தான் குழுவோட வேகம், அவங்களுக்கு முடியிற தூரம்தான் குழுவோட தூரம். இத முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிருங்க. வேகமா நடந்து உடம்ப குறைக்கணும்னு நினைக்கிறவங்க தனியா கிரவுண்டுல நடந்துக்கலாம், அதுல தப்பே இல்ல, ஆனா அது வேற இது வேற.

நம்ம ஊருக்கு இது ஏன் முக்கியம்னு சொல்றேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்குத் தெரு பெரிய பெரிய வீடு, பாதி வீடு பூட்டிக் கெடக்கு, மீதி வீட்டுல வயசான ஆச்சியும் ஐயாவும் மட்டும் இருக்காங்க. பிள்ளைங்க சென்னையிலயும் சிங்கப்பூர்லயும் இருக்கு. விசேஷம்னா ஊரே நெறையும், முடிஞ்சதும் மறுபடி அந்த வளவுக்குள்ள, அதான் வீட்டு நடு முற்றத்துல, ரெண்டு பேருதான். அவங்கள வாரத்துக்கு ஒரு நாள் காலையில வெளிய கூட்டிட்டு வந்து நாலு பேரோட பேச விட்டா அதுவே பெரிய விஷயம். நகரத்தார், அதான் செட்டியார் வீடுன்னு மட்டும் இல்ல, பக்கத்து கிராமத்துல இருக்குற பெரியவங்களுக்கும் இதே நிலைமைதான். அதனால குழு சேக்கும்போது சாதி பாத்து, தெரு பாத்து சேக்காதீங்க. ரிட்டயர்டு வாத்தியார், மளிகைக்கடை அண்ணன், அழகப்பா யுனிவர்சிட்டியில படிக்கிற பிள்ளைங்க, வீட்டு வேலைக்குப் போற அக்கா எல்லாரும் ஒண்ணா நடக்கணும், அப்பதான் பேச்சும் நல்லாருக்கும், குழுவும் நிக்கும்.

ஆரம்பத்துல ஏழெட்டு பேர் போதும். நோட்டீஸ் அடிச்சு ஒட்டாதீங்க, நேர்ல போய் கூப்பிடுங்க. வயசானவங்க கிட்ட "வாக்கிங் வாங்க"ன்னா "எனக்கு முட்டி வலி தம்பி"ன்னுதான் பதில் வரும். "ஆச்சி, நேமங்கோயில் வரைக்கும் காலாற போயிட்டு வருவோம், முடியலன்னா ஆட்டோ சொல்லிக்கலாம்"னு கேட்டுப் பாருங்க, ஆச்சி முதல் ஆளா ரெடியாகி திண்ணையில உக்காந்திருப்பாங்க.

நேரமும் மாசமும்

நம்ம பக்கம் வெயில் எப்படின்னு சொல்ல வேண்டியதில்ல. காலையில அஞ்சரைக்கு கூடி, வெளிச்சம் வந்ததும் கெளம்பி, எட்டரைக்குள்ள முடிச்சிரணும், இதுல விட்டுக்கொடுக்கவே கூடாது. யாராவது லேட்டா வந்தா பத்து நிமிஷம் பாத்துட்டு கெளம்பிருங்க, ஏன்னா அதுக்கு மேல காத்திருக்குற நேரத்தோட விலைய கடைசியில வெயில்ல நடக்குறப்ப பெரியவங்கதான் குடுப்பாங்க. மார்கழியில இருந்து மாசி வரைக்கும் தான் நடக்க நல்ல காலம். ஐப்பசி கார்த்திகையில மழை இருக்கும், ஆனா மழை விட்ட மறுநாள் காலையில கண்மாய்க்கரையில நடக்குறத மாதிரி ஒரு சொகம் வருஷம் முழுக்க கெடைக்காது, அதனால அப்பயும் நிறுத்தாதீங்க, களிமண் பாதைய மட்டும் விட்டுட்டு செம்மண் பாதையா, செம்பூராங்கல் தரையா பாத்து போங்க, அதுல தண்ணி நிக்காது, கால் வழுக்காது.

ரூட் எப்படி பாக்குறது

நல்ல ரூட்டுன்னா மூணு விஷயம் வேணும். நடுவுல உக்கார நிழல் இருக்கணும், தண்ணி கெடைக்கணும், முடியிற எடத்துல இருந்து பஸ்ஸோ ரயிலோ ஆட்டோவோ இருக்கணும். போயிட்டு அதே வழியில திரும்பி வர்ற ரூட்ட விட ஒரு எடத்துல ஆரம்பிச்சு இன்னொரு எடத்துல முடியிற ரூட் நல்லது. திரும்பி வர்ற தூரத்த நினைச்சாலே பாதி பேருக்கு கால் ஓயும்.

முதல் நடைக்கு குன்றக்குடியில இருந்து பிள்ளையார்பட்டி வைங்க. மூணு கிலோமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும், குன்றக்குடி மலையடிவாரத்துல கூடி, கீழ இருக்குற குடைவரையப் பாத்துட்டு, மயில் சத்தம் கேட்டுக்கிட்டே நடந்தா பிள்ளையார்பட்டி கோபுரம் தெரிய ஆரம்பிச்சிரும். அங்கயும் குடைவரைதான், பாண்டியர் காலத்து பாறைய குடைஞ்ச பிள்ளையார். சாமி கும்புட்டு டிபன் சாப்பிட்டு பஸ் ஏறிரலாம். புதுசா வர்றவங்களுக்கு "நம்மளால முடியும்"னு தைரியம் வர்றதுக்கு இத விட நல்ல நடை கெடையாது. மெயின் ரோட்டுல போற தூரத்துக்கு மட்டும் வரிசையா, வண்டி எதிர்ல வர்ற பக்கமா நடக்கணும்.

அதுக்கப்புறம் நகரக் கோயில், அதான் நகரத்தாரோட கோயில் ஒன்பதையும் ஒண்ணொண்ணா எடுத்துக்கலாம். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. எல்லாத்துலயும் தெப்பக்குளமோ ஊருணியோ இருக்கும், சுத்தி கண்மாயும் வயலும் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்து ஊர்ல இருந்து நடந்து போற மாதிரி ஒரு வழி கண்டுபிடிக்கலாம். இப்படி ஒரு வரிசை வச்சிட்டா ஆளுங்களுக்கும் அடுத்தது எது, எத்தனை பாக்கி இருக்குன்னு ஒரு ஆர்வம் இருந்துக்கிட்டே இருக்கும். அரியக்குடிப் பெருமாள் கோயில் பக்கமும் விட்ராதீங்க, ரயில்ல வர்றவங்களுக்கு தேவகோட்டை ரஸ்தா ஸ்டேஷன் கிட்ட. செட்டிநாடு ஸ்டேஷன்ல எறங்கி கானாடுகாத்தான் தெருவெல்லாம் சுத்துறது இன்னொரு நல்ல நடை.

ரூட்ட முடிவு பண்ணுறதுக்கு முன்னாடி ரெண்டு பேரு கண்டிப்பா நடந்து பாத்துட்டு வரணும். மேப்ல பாதைன்னு இருக்கும், போய்ப் பாத்தா சீமைக்கருவேல் மூடி ஆடு கூட நுழைய முடியாது. இல்லன்னா யாராவது புதுசா முள்வேலி போட்டிருப்பாங்க. அதுக்குத்தான் அந்த ஊர் ஆள் ஒருத்தரப் புடிக்கணும், ஆடு மேய்க்கிறவங்கதான் இதுக்கு சரியான ஆளு. எந்த மடை உடைஞ்சிருக்கு, கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற எந்த வரத்துக்கால்ல தண்ணி ஓடுது, எந்தத் தோப்புல நாய் விரட்டும்னு அவங்களுக்கு எல்லாம் தெரியும். "அண்ணே, இந்தக் கரையிலேயே போனா அந்த ஊர் ரோட்டுக்கு ஏறிரலாமா?"ன்னு கேட்டா வழி மட்டும் சொல்ல மாட்டாங்க, பாதி தூரம் கூடவே வருவாங்க. வயல் வழியா போறதா இருந்தா வயலுக்காரர் கிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க, நாத்து நட்டிருக்கப்ப வரப்புல இருபது பேர் நடந்தா வரப்பு போயிரும், அப்ப சுத்தித்தான் போகணும்.

முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர்

இதத்தான் நான் திரும்பத் திரும்ப சொல்லுவேன். வழி தெரிஞ்சவர் முன்னாடி போகட்டும், ஆனா குழுவிலேயே பொறுமையான, பொறுப்பான ஆள் கடைசியில வரணும். கடைசி ஆளுக்குப் பின்னாடி யாரும் இருக்கக் கூடாது, அதான் சட்டம். முதலுதவிப் பை அவர் கிட்ட, விசில் அவர் கிட்ட. ஒரு விசில்னா நில்லு, ரெண்டு விசில்னா முன்னாடி போறவர் திரும்பி வரணும், இவ்வளவுதான். பாதை பிரியிற எடத்துல எல்லாம் முன்னாடி போறவங்க நின்னு கடைசி ஆள் முகத்தப் பாத்துட்டுத்தான் திரும்பணும், ஒவ்வொரு எடத்துலயும் தலைய எண்ணணும்.

இன்னொண்ணு, முன்னாடி போறவங்க நின்னு இளைப்பாறிட்டு, கடைசியில வர்றவங்க வந்து சேந்ததும் "சரி கெளம்பலாம்"னு எந்திரிச்சிருவாங்க. அப்ப உண்மையிலேயே ஓய்வு தேவைப்படுறவங்களுக்கு ஓய்வே கெடைக்காது. கடைசி ஆள் வந்து, உக்காந்து, தண்ணி குடிச்சு, அவங்களே எந்திரிச்சாத்தான் கெளம்பணும். எங்க குழுவுல ஒரு ஆச்சி கலுங்குல, அதான் கண்மாய்த் தண்ணி மிஞ்சுனா வழியிற கல்லுக்கட்டுல, வந்து உக்காந்தா கால் மணி நேரம் எந்திரிக்க மாட்டாங்க. ஆனா அந்தக் கால் மணி நேரத்துலதான் கலுங்குக் கல்லுல இருக்குற தண்ணிக் கோட்டைக் காட்டி, கண்மாய் எந்த அளவுக்குப் பெருகுனா எத்தனை மாசம் தண்ணி நிக்கும், மறுகால் பாஞ்சா அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகும்னு சொல்லுவாங்க, கல்லூரிப் பையனுங்க போன உள்ள வச்சிட்டு சுத்தி உக்காந்துக்குவானுங்க.

நீண்ட தூரம் கூட்டமா நடக்குறத நம்ம ஊர் ஆளுங்களுக்கு யாரும் கத்துக்குடுக்க வேண்டியதில்ல. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி எடுத்து பழனிக்கு நடக்குறது தலைமுறை தலைமுறையா நடக்குது, குன்றக்குடியில கூடி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியா போய், காவடியோட திரும்பியும் நடந்தே வர்றாங்க. அதுல பழகுன பெரியவர் ஒருத்தர் உங்க குழுவுல இருந்தா அவர் சொல்றதக் கேளுங்க. வெயிலுக்கு முன்னாடி நடந்துரு, உச்சி வெயில்ல படுத்துரு, கால்ல கொப்புளம் வர்றதுக்கு முன்னாடியே, தோலு எரிய ஆரம்பிக்கும்போதே கவனி, புதுச் செருப்ப அன்னைக்குப் போடாதன்னு அவர் சொல்றதெல்லாம் அனுபவம்.

என்னென்ன எடுத்துக்கணும்

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணியாவது கையில இருக்கணும், தலைக்குத் துண்டோ தொப்பியோ வேணும். ஓஆர்எஸ் பாக்கெட் நாலஞ்சு பொதுப் பையில இருக்கட்டும், ஒரு பாக்கெட்ட ஒரு லிட்டர் தண்ணியில கரைக்கணும், கொஞ்சத் தண்ணியில கெட்டியா கரைச்சுக் குடுக்கக் கூடாது. சுகர் மாத்திரை போடுறவங்க வெறும் வயித்தோட வரக் கூடாது, ரெண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டுட்டு வரணும், பையில கடலை மிட்டாய் வச்சிருக்கணும்.

செருப்பு விஷயத்துல கண்டிப்பா இருங்க. சீமைக்கருவேல் முள் ரப்பர் செருப்ப அப்படியே துளைச்சு ஏறும், ஏறுனது உள்ள ஒடிஞ்சு நின்னுச்சுன்னா ஒரு வாரம் சீழ் வச்சு படுத்தும். கெட்டி அடி உள்ள ஷூ போடுறதுதான் சரி. பையில ஒரு ஊசியும் சின்ன இடுக்கியும் டெட்டாலும் எப்பவும் இருக்கட்டும்.

பாம்பு இருக்குற பூமிதான், பயப்பட வேண்டாம், ஆனா விவரம் தெரிஞ்சிருக்கணும். புல்லு மூடுன வரப்புல முன்னாடி போறவர் குச்சியால தட்டிக்கிட்டே போகட்டும், கல்லு இடுக்குல, கட்டை மேல பாக்காம கை வைக்கக் கூடாது. கடிச்சிருச்சுன்னா கயிறு போட்டு இறுக்கிக் கட்டுறது, பிளேடால கீறுறது, வாயால உறிஞ்சுறது எதுவும் கூடாது. மோதிரம், கொலுசு, வளையல கழட்டிட்டு, நடக்க விடாம, கடிபட்ட எடத்த அசைக்காம வச்சு, கடிச்ச நேரத்தக் குறிச்சுக்கிட்டு 108க்குப் போன் போட்டு பெரிய கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க, விஷமுறிவு மருந்து அங்கதான் இருக்கும். பாம்ப அடிச்சு எடுத்துட்டுப் போகணும்னு அவசியமே இல்ல. நாய் கடிச்சா சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு அன்னைக்கே ஊசி போட ஆரம்பிக்கணும், சின்னக் கீறல்தானேன்னு விட்ரக் கூடாது.

ஊருக்குள்ள நடந்துக்குற விதம்

நாம போறது அடுத்தவங்க ஊருக்கு. ஊருணியில செருப்புக் காலோட படித்துறையில எறங்காதீங்க, நெறைய ஊர்ல இன்னும் அது குடிக்கிற தண்ணி. அய்யனார் கோயில் காட்டுல ஒரு குச்சியக் கூட ஒடிக்காதீங்க, சில கோயில்ல யாரு எதுவரைக்கும் போகலாம்னு கட்டுப்பாடு இருக்கும், கேட்டுட்டுப் போங்க. அய்யனாருக்கு மண்குதிரை எடுத்துட்டுப் போற புரவி எடுப்பு, மஞ்சுவிரட்டுன்னு விசேஷம் இருக்குற நாள்ல அந்தப் பக்கம் நடை வைக்காதீங்க, காணும் பொங்கல் அன்னைக்கு சிராவயல் ரோட்டுல காலடி வைக்க எடம் இருக்காது.

வீடுங்கள போட்டோ எடுக்குறத பத்தி ஒரு வார்த்தை. 2014ல செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோ தற்காலிகப் பட்டியல்ல சேந்ததெல்லாம் பெருமைதான், ஆனா உள்ள இருக்குற ஆச்சிக்கு அது அவங்க வீடு. திண்ணையில ஏறி ஜன்னல் வழியா எட்டிப் பாக்குறது, பூட்டுன கதவுல சாஞ்சு செல்ஃபி எடுக்குறது வேண்டாம். கேட்டா முக்காவாசி பேரு உள்ள கூப்பிட்டு முகப்புல உக்கார வச்சு மோர் குடுப்பாங்க. மனசு கஷ்டப்படுற விஷயமும் கண்ணுல படும், போன வருஷம் பாத்த வீட்டுல இந்த வருஷம் வாசல் நிலை இருக்காது, தூண் இருக்காது, கழட்டி வித்திருப்பாங்க. நடந்து போறவங்க கண்ணுக்குத்தான் அதெல்லாம் தெரியும். அதனால ஒவ்வொரு நடைக்கும் ஒரு ஆள் தெருவ மட்டும், வீட்டுக்காரங்க சம்மதத்தோட, தேதி போட்டு போட்டோ எடுத்து வைக்கட்டும், நாளைக்கு அந்த ஊருக்கே உதவும்.

ஆத்தங்குடி பக்கம் போனா தரைக்குப் போடுற ஆத்தங்குடிக் கல் (டைல்ஸ்) செய்யிற பட்டறை ஒண்ணுல முன்கூட்டி கேட்டு வச்சிட்டு உக்காந்து பாருங்க. கண்ணாடித் தகட்ட கீழ வச்சு, அது மேல பூ டிசைன் அச்ச வச்சு, கலர் சிமெண்ட் குழம்ப ஒவ்வொரு கட்டத்துலயும் கரண்டியால ஊத்துவாங்க, அச்சத் தூக்கும்போது ஒரு கலர் இன்னொண்ணுல ஒட்டாம நிக்கும். அது மேல காய்ஞ்ச சிமெண்டும் மணலும் தூவி, கலவை போட்டு மட்டம் தட்டி, அப்புறம் காயவச்சு தண்ணியில ஊறப்போடுவாங்க. கண்ணாடிய எடுத்ததும் அந்தப் பளபளப்பு தானா வருது, பாலிஷ் கெடையாது. கூட வர்ற பிள்ளைங்க வாயத் தொறந்துக்கிட்டு பாக்கும். வேலை பாக்குறவங்க நேரத்த எடுத்துக்குறோம்ல, அதுக்கு ஏதாவது குடுத்துட்டு வாங்க.

சாப்பாடும் காசும்

நடை முடிஞ்சதும் சேந்து சாப்பிடுறதுதான் குழுவ ஒட்ட வைக்கும். வாரம் ரெண்டு வீட்டுல இருந்து கொண்டு வரட்டும், வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் ஒரு வாரம், கந்தரப்பம் ஒரு வாரம், முடியாதவங்க வாழைப்பழம் கொண்டு வந்தாலும் போதும். போட்டி ஆயிரக் கூடாது, அதுல மட்டும் கவனமா இருங்க, ஒரு வீட்டுல ஆறு அயிட்டம் வந்தா அடுத்த வாரம் வரவேண்டிய வீட்டுக்கு மனசு சங்கடம். அதனால ரெண்டு அயிட்டத்துக்கு மேல கூடாதுன்னு வச்சிருங்க. வாழை எலை, எவர்சில்வர் டம்ளர், பிளாஸ்டிக் தட்டே வேண்டாம்.

சந்தா வைக்கலாம், ஆனா கொஞ்சமா, ஒரு நோட்டுல எழுதி எல்லாரும் பாக்குற மாதிரி. குடுக்க முடியாதவங்க கிட்ட கேக்காதீங்க, யாரு குடுக்கலன்னு குரூப்ல போடவே போடாதீங்க. வாட்ஸ்அப் குரூப்ல நடை விவரமும் போட்டோவும் மட்டும் இருக்கட்டும், அரசியல் ஃபார்வேர்டு வந்தா அட்மின் உடனே எடுத்துரணும். போன் இல்லாதவங்களுக்கு சனிக்கிழமை சாயங்காலம் ஒருத்தர் நேர்ல போய் சொல்லிட்டு வரணும்.

நடைக்கு நடுவுல ஊருக்கு ஏதாவது செய்யிறதும் நல்லது. ஆவணி புரட்டாசியில பனம்பழம் விழும், விதைய பொறுக்கி வச்சு மழைக்கு முன்னாடி கண்மாய்க்கரையில பத்தடிக்கு ஒண்ணா போட்டு வாங்க, கரைக்குப் பொறுப்பானவங்க கிட்ட கேட்டுட்டு. பொங்கல் நாள்ல தமிழ்நாடு முழுக்க பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 2015ல இருந்து நடக்குது, நம்ம கண்மாயில கால் மணி நேரம் நின்னு பாத்தத எண்ணி ஈபேர்ட் ஆப்ல போட்டா போதும். அந்த சீசன்லயே திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்துக்கும் ஒரு நடை வைங்க, நத்தைக்கொத்தி நாரையும் வக்காவும் கூடு கட்டியிருக்கும், பறவைக்கு பயம் வரும்னு தீபாவளிக்குக் கூட வெடி வைக்காத ஊர்க்காரங்க அவங்க, அங்க சத்தமாப் பேசாதீங்க.

ரெண்டு வாரம் சேந்தாப்ல ஒருத்தர் வரலன்னா மூணாவது வாரம் வரைக்கும் காத்திருக்காம வீட்டுக்கே போய்ப் பாருங்க. குழுவுல இருக்குற வேலையிலேயே இதுதான் பெரிய வேலை, இதுக்குன்னு ரெண்டு பேர பொறுப்பா போட்டுருங்க. உடம்பு முடியலன்னா மருந்து வாங்கிக் குடுக்கலாம், யார் கிட்டயாவது மனஸ்தாபம்னா பேசி சரி பண்ணலாம், நடக்கவே முடியாத நிலைமைன்னா அடுத்த நடைய அவங்க தெருவுலயே முடிச்சு அவங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து பணியாரம் சாப்பிடலாம். வெளியூர்ல இருக்குற பிள்ளைங்க நம்பரையும் சம்மதத்தோட வாங்கி வச்சிக்கங்க, அவசரத்துக்கு உதவும்.

சித்திரைக் கடைசியில அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சதும் நடைய நிறுத்திருங்க, ஆனா கூடுறத நிறுத்தாதீங்க. யாரு வீட்டு வளவுலயாவது ஞாயித்துக்கிழமை காலையில உக்காந்து அடுத்த சீசன் ரூட்டப் பேசுங்க, பையில இருக்குற மருந்தெல்லாம் தேதி பாத்து மாத்துங்க, கணக்கு நோட்ட எல்லார் முன்னாடியும் வாசிச்சிருங்க. ஆடியில காத்து கொஞ்சம் அடங்குனதும் சின்ன நடையா, ரெண்டு கிலோமீட்டர்ல மறுபடி ஆரம்பிக்கலாம்.